ரெண்டு என்ஜின் இருந்தும் ஏன் ஏறவில்லை?

வள்ளியூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஃப்ளோரிடாவில் ஒரு பள்ளியில் ட்வின் ரேட்டிங் (இரண்டு என்ஜின் விமானம் ஓட்டும் தகுதி) எடுக்கும்போது நடந்த விஷயம். விமானம் பழைய பைப்பர் செமினோல். மழை பெய்து ஓய்ந்த, கசகசவென்ற பிற்பகல், உயரம் சுமார் 4,000 அடி. இன்ஸ்ட்ரக்டர் இடது த்ராட்டிலை (என்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கும் லீவர்) இழுத்துவிட்டு "என்ஜின் போச்சு, சமாளி" என்றிருக்கிறார். தம்பியும் சமாளித்தார். பாடம் நீண்டுகொண்டே போனது. எல்லாம் முடிந்து த்ராட்டிலை முன்னால் தள்ளினால் என்ஜின் குலுங்கியது, இருமியது, பவர் மட்டும் வரவில்லை. வலது என்ஜினை முழுக்கத் திறந்தும் விமானம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டேதான் இருந்தது. பக்கத்தில் ஓடுபாதை இருந்ததால் பத்திரமாக இறங்கிவிட்டார்கள்.

இப்போது ஊருக்கு வந்திருக்கும் அவருக்கு மூன்று கேள்விகள். என்ஜினுக்கு என்ன ஆகியிருக்கும்? இன்னொரு என்ஜின் நன்றாகத்தானே ஓடியது, பிறகு ஏன் ஏறவில்லை? இங்கே லைசென்ஸை மாற்றிக்கொண்டு நம்ம பக்கம் பறக்க நேர்ந்தால் கூடுதலாக எதைக் கவனிக்கணும் அண்ணாச்சி? கூடவே அவர் அப்பா சொன்னதையும் எழுதியிருக்கிறார்: "ரெண்டு எஞ்சின் இருக்குல்லா, ஒண்ணு போனா இன்னொண்ணு இழுத்துட்டு வந்துராதா?"

அப்பாவிலிருந்தே தொடங்குகிறேன். சிக்கலின் வேர் அவர் கேள்வியில்தான் இருக்கிறது. ட்வின் ஓட்டக் கற்கும் பையன்கள் பாதிப் பேர் வெளியே சொல்லாமல் மனதில் வைத்திருக்கும் நினைப்பும் அதுதான்.

செமினோலில் என்ஜினுக்கு 180 என்று மொத்தம் 360 குதிரைத்திறன். நிறைந்த எடையில், ஏறாமல் இறங்காமல் அதே உயரத்தில் மிதந்துகொண்டிருக்கவே அதில் ஒரு பெரிய பங்கு செலவாகிவிடும். புரிவதற்காக உருட்டிச் சொல்கிறேன், 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 210. விமானம் ஏறுவது இந்த மீதியில்தான். ஒரு என்ஜின் நின்றால் கையில் இருப்பது 180. மிதக்கும் செலவு 150 அப்படியே நிற்கிறது. மீதி 30. ஆக 210 இருந்த இடத்தில் 30. பவரில் பாதிதான் போனது, ஏறும் திறனில் ஏழில் ஆறு பங்கு போய்விட்டது. சின்ன ட்வின்களில் ஒரு என்ஜின் போனால் ஏறும் திறன் எண்பது முதல் தொண்ணூறு சதவீதம் போகும் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

அந்த 30 கூட நிபந்தனையோடு வருவது. செத்த என்ஜினின் ப்ரொப்பல்லர் காற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் அது ஒரு பெரிய தட்டையே காற்றுக்கு எதிரே பிடித்த மாதிரி இழுக்கும். சக்கரம் கீழே இருந்தால் இன்னும் இழுக்கும். இறக்கையின் பின்னோரத்தில் கீழே இறங்கும் ஃப்ளாப் வேறு. இதில் ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலே 30 கழிந்து கணக்கு மைனஸுக்குப் போய்விடும். அப்போது நல்ல என்ஜின் செய்வது இறங்கும் வேகத்தைக் குறைப்பது மட்டும்தான். தம்பி பார்த்தது அதைத்தான். இடது ப்ரொப்பல்லர் ஃபெதர் ஆகவில்லை, அதாவது அதன் இதழ்கள் இழுப்பில்லாதபடி காற்றுக்கு நேராகத் திரும்பவில்லை, அரைகுறையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. விமானம் ஏறாமல் இருந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 6,000 பவுண்டுக்கு உட்பட்ட, குறைந்த வேகத்தில் ஸ்டால் ஆகும் (வேகம் போதாமல் இறக்கை தூக்கும் பலத்தை இழக்கும்) சின்ன ட்வின்கள் ஒற்றை என்ஜினில் ஏறியே தீரவேண்டும் என்று அந்தக் காலத்து அமெரிக்கச் சான்றிதழ் விதி கேட்கவே இல்லை. ஏறுமா இறங்குமா என்று அளந்து புத்தகத்தில் போட்டால் போதும். ஏடிஆர், ஏர்பஸ் போன்ற பயணிகள் விமானங்களின் கதையே வேறு. டேக்-ஆஃபின்போது ஒன்று போனாலும் மிச்சமிருப்பதில் ஏறிக் காட்டினால்தான் அவற்றுக்குச் சான்றிதழ். தூத்துக்குடி வாகைக்குளம் நிலையத்தில் வந்து இறங்கும் விமானத்தை வைத்துச் செமினோலை எடைபோடக் கூடாது. இதை அப்பாவுக்கும் சொல்லுங்கள். அவர் நாளைக்கு உங்களை வழியனுப்ப வரும் விமானத்துக்கு அவர் சொன்னது சரிதான்.

சரி, என்ஜினுக்கு என்ன ஆகியிருக்கும்?

பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நிலவரத்தை வைத்து என் சந்தேகம் முதலில் போவது கார்புரேட்டர் ஐஸ் மேல், அதாவது பெட்ரோலும் காற்றும் கலக்கும் இடத்தில் கட்டும் பனி மேல். பழைய செமினோலில் இருப்பது கார்புரேட்டர் வைத்த லைகாமிங் ஓ-360. கார்புரேட்டரின் குறுகிய தொண்டை வழியே காற்று போகும்போது அழுத்தம் குறைந்து குளிரும். அங்கேயே பெட்ரோலும் ஆவியாவதால் இன்னும் குளிரும். வெளியே 25 டிகிரி இருந்தாலும் உள்ளே சுழியத்துக்குக் கீழே போய்விடலாம். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஈரம் த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் பனியாகப் படியும். த்ராட்டில் மூடியிருக்கும்போது வழி ஏற்கெனவே குறுகல், அதனால் அடைப்பு சீக்கிரம் விழும். வெயில் நாட்டுக்காரர்களான நமக்கு 'ஐஸ்' என்றதும் இமயமலை ஞாபகம் வருவதுதான் வம்பு. குளிர்ந்து வறண்ட காற்றைவிட மழை ஓய்ந்த வெதுவெதுப்பான காற்றில்தான் இது அதிகம். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஆனி, ஆடி மாதத்தில் தென்காசிக்கு மேலே பறந்தால் கார்புரேட்டர் ஐஸுக்குத் தோதான நாள் எதுவென்று தேடவே வேண்டாம்.

அதற்கு மருந்து கார்ப் ஹீட். சைலன்ஸர் சூட்டில் காய்ந்த காற்றைக் கார்புரேட்டருக்குள் விடும் லீவர். ஆனால் சூடு வருவது எங்கிருந்து? ஓடுகிற என்ஜினிலிருந்து. த்ராட்டிலை இழுத்து, என்ஜின் ஆறி, பனியும் கட்டிய பிறகு லீவரை இழுத்தால் உருக்கும் அளவுக்கு அங்கே சூடு மிச்சமிருக்காது. அதனால் த்ராட்டிலைக் குறைப்பதற்கு முன்பே கார்ப் ஹீட் போட வேண்டும். பாடம் நீண்டால் அவ்வப்போது என்ஜினைக் கொஞ்சம் திறந்து 'இருக்கியா' என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் இன்ஸ்ட்ரக்டர் இழுக்கும்முன் கார்ப் ஹீட் போட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. நான் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

பிந்திப் போட்டாலும் வேலை செய்யும், ஆனால் பொறுமை வேண்டும். பனி உருகித் தண்ணீராகி என்ஜினுக்குள் போகும்போது குலுக்கல் முதலில் கூடும். 'இதனால்தான் கெட்டுப்போகிறது' என்று பயந்து லீவரை மறுபடி மூடிவிடுவார்கள். மூடக் கூடாது. முழுக்க இழுத்து அப்படியே விட வேண்டும்.

வேறு காரணங்களும் உண்டு. நீண்ட நேரம் குறைந்த பவரில், கெட்டியான மிக்ஸ்சரில் (பெட்ரோல்-காற்றுக் கலவையில்) ஓடினால் ஸ்பார்க் ப்ளக்கில் ஈயம் படிந்து ஒரு சிலிண்டர் பற்றாமல் போகும். மேலே போகும்போது மிக்ஸ்சரை மெலிதாக்கிவிட்டு அப்படியே மறந்திருந்தாலும் முழு த்ராட்டிலில் இருமும். ஆறிய என்ஜினில் த்ராட்டிலைச் சடக்கென்று தள்ளினாலும் ஒரு கணம் திணறும், ஆனால் அது உடனே தெளிந்துவிடும். இன்னொன்று எரிபொருள் செலக்டர். செமினோலில் இரண்டு இருக்கைக்கும் நடுவே தரையில் இருக்கும்: ஆன், ஆஃப், கிராஸ்ஃபீடு (மறுபக்கத்து டாங்கிலிருந்து பெட்ரோல் எடுப்பது). சில இன்ஸ்ட்ரக்டர்கள் பையனுக்குத் தெரியாமல் அதைத் திருப்பி என்ஜினைச் சாகடிப்பார்கள், உண்மையில் நடப்பதுபோல இருக்கட்டும் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை என்ஜின் ஓடும், எந்த நொடியில் நிற்கும் என்று திருப்பியவருக்கே தெரியாது. திரும்ப ஆன் செய்த பிறகும் பெட்ரோல் வந்துசேர நேரம் பிடிக்கும். தரையிலிருந்து 3,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் த்ராட்டிலைக் குறைத்து மட்டுமே பாவனை செய் என்று அமெரிக்க அரசின் பயிற்சிக் கையேடே சொல்கிறது. உயரத்தில் வேண்டுமானால் மிக்ஸ்சரை இழுக்கலாம்.

நீங்கள் படித்தது பைப்பர் செனிகாவாக இருந்தால் கார்புரேட்டர் பேச்சே இல்லை, பெட்ரோலை நேரே பீய்ச்சும் ரகம். டயமண்ட் டிஏ-42 டீசல், எல்லாம் கம்ப்யூட்டர் கையில். டெக்னாம் பி2006டி மறுபடி கார்புரேட்டர், 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் இரண்டு. இந்தியப் பள்ளிகளில் உங்கள் கைக்கு வரக்கூடியவை பெரும்பாலும் இந்த மூன்று வகைதான். எது வந்தாலும் முதல் நாளே அதன் புத்தகத்தில் எரிபொருள் வழியைப் படமாகப் போட்டிருக்கும் பக்கத்தைத் திறந்து உட்காருங்கள்.

இனி கைகால் வேலைக்கு வருவோம். நீங்கள் எழுதாமல் விட்டிருப்பதும், நான் அதிகம் பேச விரும்புவதும் இதைத்தான்.

என்ஜின்கள் இறக்கைக்கு ஒன்றாக இருப்பதால் ஒன்று நின்றதும் நல்லது தன் பக்கத்தை மட்டும் முன்னால் தள்ளும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நின்றுவிட்டால் வண்டி எந்தப் பக்கம் திரும்புமோ அதேதான். மூக்கு செத்த பக்கம் ஓடும், கூடவே அந்த இறக்கை தாழும். இதை நிறுத்துவது கால். நல்ல பக்கத்து ரடர் பெடலை (வாலில் மூக்கைத் திருப்பும் தகட்டை இயக்குவது) மிதித்து மூக்கை நேரே நிறுத்த வேண்டும். எந்தக் கால் மிதிக்கவில்லையோ, சும்மா கிடக்கிறதோ, அந்தப் பக்கத்து என்ஜின்தான் செத்தது. உலகம் முழுக்கப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான்: சும்மா கிடக்கும் கால், செத்த என்ஜின்.

மீட்டரைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். அங்கேதான் ஏமாற்றம். இந்த ப்ரொப்பல்லர்களுக்குச் சுற்றும் வேகத்தை மாறாமல் பிடிக்கும் கவர்னர் உண்டு. என்ஜின் பவர் தராமல் நின்றாலும் காற்று ப்ரொப்பல்லரைச் சுற்றும். கவர்னர் இதழ்களின் கோணத்தை மாற்றி ஆர்பிஎம்மைப் பழைய இடத்தருகே பிடித்துவைக்கும். என்ஜின் உறிஞ்சும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மேனிஃபோல்டு பிரஷர் மீட்டரும் த்ராட்டில் திறந்திருந்தால் வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்டும். முள் உயரத்தில் நிற்கும், 'நான் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று சொல்லும். நேராகப் பேசுவது ஃப்யூயல் ஃப்ளோ, எக்ஸாஸ்ட் சூடு இரண்டும்தான், அதுவும் கொஞ்சம் பிந்தி. கால் பொய் சொல்லாது. உங்களுக்கு நடந்தது போலப் பவர் பாதி குறைந்து பாதி வரும் நிலையில் இது இன்னும் குழப்பும். விமானம் ஒரு நொடி இழுக்கும், ஒரு நொடி விடும். காலும் கூடவே ஆட்டம் போடும்.

அதனால்தான் கண்டுபிடித்ததும் உறுதி செய்யச் சொல்கிறோம். செத்தது என்று நினைக்கும் பக்கத்து த்ராட்டிலை மெதுவாகப் பின்னால் இழுங்கள். காலில் மாற்றம் ஏதும் தெரியாவிட்டால் நினைத்தது சரி. விமானம் திடீரென்று மறுபக்கம் போனால் நல்ல என்ஜினில் கை வைத்துவிட்டீர்கள், உடனே திரும்பத் தள்ளுங்கள். இதைச் செய்ய இரண்டு நொடி போதும். அந்த இரண்டு நொடியைச் சேமிக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2015 பிப்ரவரி 4 சாட்சி. தைவானில் ட்ரான்ஸ்ஏஷியா 235, ஏடிஆர் 72-600. தைபேயிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வலது என்ஜினின் ப்ரொப்பல்லர் தானாக ஃபெதர் ஆனது. கேப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது என்ஜினின் பவரைக் குறைத்து, பிறகு அதையே அணைத்துவிட்டார். தவறு தெரிந்து திரும்ப உயிர்கொடுக்க முயன்றபோது உயரம் மிச்சமில்லை. பாலத்தில் இடித்து ஆற்றில் விழுந்தது. 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். 1989 ஜனவரியில் இங்கிலாந்தில் கெக்வொர்த் அருகே விழுந்த 737-இலும் இதே கதை: கெட்டது இடது, அணைத்தது வலது, 47 உயிர். இரண்டு விமானத்திலும் இருந்தது அனுபவம் உள்ள விமானிகள்தான். கை வேகமாகப் போய்விட்டது.

பையன்களிடம் நான் சொல்வது, முதலில் கால், அடுத்து மூக்கு, கடைசியில்தான் கை. காலால் மூக்கை நேராக்கு. மூக்கைத் தாழ்த்தியோ பிடித்தோ வேகத்தை வேகமானியின் நீலக் கோட்டில் நிறுத்து. செமினோலில் அது 88 நாட் (மணிக்கு 88 கடல் மைல்), ஒற்றை என்ஜினில் அதிகம் ஏறவோ குறைவாக இறங்கவோ தரும் வேகம். இந்த இரண்டும் நிற்கிற வரைக்கும் மற்ற எதையும் தொடாதே. பிறகு மிக்ஸ்சர், ப்ராப் (ப்ரொப்பல்லர்), த்ராட்டில் லீவர்கள் எல்லாம் முன்னால். சக்கரம் மேலே, ஃப்ளாப் மேலே. கண்டுபிடி, உறுதி செய், ஃபெதர் செய். நல்ல என்ஜின் பக்கம் இரண்டு மூன்று டிகிரி சாய்த்துக்கொள், சறுக்கலைக் காட்டும் மீட்டரின் பந்து பாதி வெளியே இருக்கட்டும். இறக்கையைச் சமமாக வைத்துப் பந்தை நடுவில் பிடித்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் விமானம் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போகும், இருக்கும் கொஞ்சநஞ்ச ஏற்றமும் போய்விடும்.

ஃபெதர் செய்வதில் ஒரு கெடு உண்டு. இந்த வகை ப்ரொப்பல்லரில் எண்ணெய் அழுத்தம் இதழ்களைத் தட்டையான கோணத்தில் பிடித்துவைக்கிறது. அழுத்தம் போனால் ஸ்பிரிங்கும் எடைகளும் நைட்ரஜனும் சேர்ந்து இதழ்களைக் காற்றுக்கு நேராகத் திருப்பிவிடும், அதுதான் ஃபெதர். அப்படியானால் தரையில் என்ஜினை அணைக்கும்போதெல்லாம் ஃபெதர் ஆகிவிடுமே? ஆகாமலிருக்க ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். செமினோலில் ஆர்பிஎம் 950-க்குக் கீழே போனால் அது விழுந்துவிடும். பூட்டு விழுந்தபின் லீவரை எவ்வளவு இழுத்தாலும் ஃபெதர் ஆகாது. ஆகவே என்ஜின் இறுகி நிற்கப்போகிறது, எண்ணெய் அழுத்தம் சரிகிறது என்று தெரிந்தால் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

உங்கள் விஷயத்தில் ஃபெதர் செய்திருக்க வேண்டுமா? இதற்கு ஒரே விடை கிடையாது. கரடுமுரடாக ஓடினாலும் கொஞ்சமாவது பவர் தருகிறது, விமானத்தை உலுக்கவில்லை என்றால் நான் விட்டுவைப்பேன், கூடவே கார்ப் ஹீட், பம்ப், செலக்டர், மிக்ஸ்சர், மேக்னெட்டோ (ப்ளக்குக்குப் பொறி தருவது) எல்லாம் ஒருமுறை பார்ப்பேன். உங்களுக்கு 4,000 அடி இருந்தது, பார்க்க நேரம் இருந்தது. 500 அடியில் அதெல்லாம் கிடையாது. ஆனால் விட்டுவைத்த என்ஜினை நம்பித் திட்டம் போடக் கூடாது. இறங்கும்போது ஒற்றை என்ஜின் விமானம் என்றே நினைத்து வர வேண்டும். ஓடுபாதை உறுதி என்று ஆனபிறகே சக்கரம், அதற்கும் பிறகுதான் முழு ஃப்ளாப். சக்கரமும் ஃப்ளாப்பும் இறங்கியபின் 'இன்னொரு சுற்று போகலாம்' என்ற எண்ணமே வரக் கூடாது.

இனி வேகமானியின் சிவப்புக் கோடு. செமினோலில் 56 நாட். அதற்குக் கீழே நல்ல என்ஜினை முழுக்கத் திறந்து வைத்திருந்தால் ரடரை அடிவரை மிதித்தாலும் மூக்கு நிற்காது. ரடருக்குப் பலம் காற்றின் வேகத்திலிருந்து வருகிறது, நல்ல என்ஜினின் இழுப்போ அப்படியே இருக்கிறது. விமானம் செத்த பக்கம் புரண்டு தலைகீழாகப் போகும். அதிலிருந்து மீள்வதற்குச் செய்ய வேண்டியது மனசுக்கு ஒப்பாத காரியம்: மூக்கைத் தாழ்த்தி, ஓடிக்கொண்டிருக்கும் ஒரே என்ஜினின் பவரையும் குறைக்க வேண்டும். தரை எதிரே வரும்போது இதைச் செய்ய எந்த மனசும் இடம் கொடுக்காது. உயரத்தில் பலமுறை செய்து கையைப் பழக்கினால் ஒழிய வராது.

'இடது என்ஜின் போவதுதான் மோசம்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டு ப்ரொப்பல்லரும் ஒரே திசையில், வலமாகச் சுற்றும் விமானங்களுக்கு அது சரி. செமினோலிலும் செனிகாவிலும் எதிரெதிராகச் சுற்றுகின்றன. எது போனாலும் ஒன்றுதான்.

இங்கே நம்ம ஊர் நுழைகிறது. அந்த 56 நாட் என்பது கடல்மட்டத்தில் 15 டிகிரியில் அளந்த எண். காற்று மெலிந்தால் டர்போ இல்லாத என்ஜினின் பவர் குறையும், இழுப்பு குறையும், அதனால் சிவப்புக் கோடும் உண்மையில் கீழே இறங்கும். நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. மீட்டரில் தெரியும் ஸ்டால் வேகம் காற்று மெலிந்தாலும் மாறாது. ஆகவே ஓர் உயரத்துக்கு மேல் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடும். கட்டுப்பாடு போவதும் ஸ்டால் ஆவதும் ஒரே நேரத்தில். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்போது ஸ்டால் ஆனால் அது ஸ்பின், சுழன்றுகொண்டே விழுவது. பெரும்பாலான சின்ன ட்வின்கள் ஸ்பின்னிலிருந்து மீளும் என்று யாரும் சோதித்துச் சான்று கொடுத்ததில்லை. பாடமாகச் செய்யும்போது ஸ்டால் எச்சரிக்கை கூவினாலே பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், சிவப்புக் கோடு வந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டாம்.

அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் 40 டிகிரி அடிக்கிறது என்று வையுங்கள். தரை கடல்மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டர் அளவுதான். ஆனால் விமானக் கணக்கில் இயல்பு என்று வைத்திருக்கும் 15-ஐவிட 25 டிகிரி கூடுதல், டிகிரிக்கு 120 அடி என்று போட்டால் காற்று 3,000 அடி உயரத்துக் காற்றின் கனம்தான் இருக்கும். என்ஜினுக்கு அதுதான் உயரம். செமினோல் வகை விமானங்கள் நிறைந்த எடையில், ஒற்றை என்ஜினில் ஒப்புக்காவது ஏறக்கூடிய எல்லை 4,000 அடிக்குச் சற்று முன்பின். ஆக ஓடுபாதையில் நிற்கும்போதே அந்த எல்லையில் முக்கால் பங்கைத் தின்றாகிவிட்டது. முன்பு போட்ட கணக்கில் 180 என்பது இப்போது 160 சொச்சம். மீதி 30 இருந்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு. ஃப்ளோரிடாவில் ஒரு காலை நேரத்தில் ஏறிய அதே விமானம் இங்கே மதியம் ஏறாது. காலை ஏழு மணிக்குப் பறங்கள், டாங்கை நிரப்பாமல் தேவைக்கு மட்டும் போடுங்கள், மூன்றாவது ஆளைத் தரையில் விட்டுவிடுங்கள். நல்ல என்ஜினின் கௌல் ஃப்ளாப்பை (என்ஜினைக் குளிர்விக்கும் காற்றுக் கதவை) திறக்க மறக்காதீர்கள். முழு பவரில் 88 நாட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும் என்ஜின் நம்ம வெயிலில் சீக்கிரம் கொதிக்கும்.

டேக்-ஆஃப் பேச்சும் இதையொட்டியே. நீளமான ஓடுபாதை இருந்து, சக்கரம் இன்னும் கீழே இருக்கும்போது ஒன்று போனால் இரண்டு த்ராட்டிலையும் மூடி நேரே முன்னால் இறங்குவதுதான் வழி. ஓட்டத்தின்போதே போனால் அதுவும் இதேதான். சக்கரத்தை மேலே இழுப்பது 'இனி இறங்க ஓடுபாதை இல்லை' என்று தெரிந்த பிறகு. நம்ம பக்கம் வாகைக்குளம் நெடுங்காலம் சுமார் 1,350 மீட்டர் ஓடுபாதையோடு இருந்தது, இப்போது விரிவாக்கி விட்டார்கள். கயத்தாற்றில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் கிடக்கிறது, அங்கே பயிற்சிப் பள்ளி கொண்டுவரும் பேச்சும் இருக்கிறது. வந்தால் நல்லது. ஆனால் கயத்தாற்றைச் சுற்றி எங்கே பார்த்தாலும் காற்றாலை. ஒற்றை என்ஜினில் ஏறாமல் நீந்திக்கொண்டு வருகிறவனுக்கு அது காடு. எந்தத் திசையில் கிளம்பினால் முன்னால் வெறும் கரிசல் இருக்கிறது என்று தரையிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் த்ராட்டிலைத் தொட வேண்டும். கரிசலும் கோடையில்தான் தாங்கும், ஐப்பசி மழைக்குப் பிறகு சக்கரத்தை விழுங்கிவிடும். வற்றிய குளம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. திசையன்விளை, உடன்குடிப் பக்கம் தேரி மணல் மேலிருந்து பார்க்கச் சிவப்பாக, சமமாகத் தெரியும். பக்கத்தில் போனால் மேடு பள்ளமும் பனையும்.

மேற்கே மலை இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நேர்க்கோடு போட்டால் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்ட வேண்டும். மகேந்திரகிரி ஐயாயிரம் அடிக்கு மேல், அகத்தியர் மலை 1,868 மீட்டர், அதாவது ஆறாயிரத்து நூறு அடிக்கும் மேல். (இஸ்ரோ ராக்கெட் என்ஜினை நிறுத்திவைத்துச் சோதிக்கிற மகேந்திரகிரிப் பக்கத்துக்காரரான நீங்கள் என்ஜினைப் பற்றிக் கேட்பது பொருத்தம்தான்.) இரண்டு என்ஜினோடு 8,000 அடியில் போகும்போது மலை கீழே கிடக்கும். ஒன்று போனால் விமானம் தன் ஒற்றை என்ஜின் எல்லைக்கு, நான்காயிரத்துக்கும் கீழே, தானாக இறங்கிவிடும். மலை அதைவிட உயரம். ஆகையால் நேர்க்கோட்டை விட்டு ஆரல்வாய்மொழி இடைவெளி வழியாகத் தெற்கே சுற்றிப் போவதே சின்ன ட்வினுக்கு வழி.

அதிலும் வைகாசியிலிருந்து ஆவணிவரை மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று. அந்தக் காற்று கேரளப் பக்கம் ஏறி நம்ம பக்கம் சரிகிறது. மலையடிவாரத்தில் களக்காடு, பாபநாசம் மேலே பறந்தால் காற்றே உங்களை நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான அடி கீழே தள்ளும். ஒற்றை என்ஜினில் நிமிடத்துக்கு நூறு அடி ஏறும் விமானம் அங்கே கல்லாய் இறங்கும், என்ஜின் நன்றாக இருந்தாலும். மலைக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே திரும்பிவிடுங்கள். தரை தாழ்ந்துகொண்டே போகும், காற்றும் தள்ளிக்கொடுக்கும், கொஞ்ச தூரத்தில் சரிவுக் காற்றும் விட்டுவிடும்.

ஃப்ளோரிடாப் பள்ளியைப் பற்றிக் கோபமாக எழுதியிருந்தீர்கள். இன்ஸ்ட்ரக்டர் பாவனை செய்தது தவறில்லை, ஓடுபாதைக்குப் பக்கத்திலும் போதிய உயரத்திலும் செய்திருக்கிறார். உங்கள் உயிரைக் காத்ததும் அந்த ஏற்பாடுதான். கார்ப் ஹீட் இல்லாமல் என்ஜினை நீண்ட நேரம் குறைந்த பவரில் விட்டிருந்தால் அதைமட்டும் கேளுங்கள். பாவனைக்கு ஜீரோ த்ரஸ்ட் என்று ஓர் அளவு உண்டு, செமினோலில் மேனிஃபோல்டு பிரஷர் பத்துப் பன்னிரண்டு அங்குலம் சுமார். ஃபெதர் ஆன ப்ரொப்பல்லர் இழுக்கும் அளவுக்கே அது இழுக்கும். அதற்குக் கீழே மூடிவைத்தால் விமானம் நிஜத்தைவிட மோசமாக ஓடும், பையனும் தவறான பாடம் படிப்பான். என்ஜினும் ஆறும்.

இறங்கியதும் டெக் லாகில் (விமானத்தின் பழுதுக் குறிப்பேட்டில்) எழுதினீர்களா? பல பள்ளிகளில் தரையில் ரன்-அப் செய்து (என்ஜினை ஓட்டிப் பார்த்து) 'இப்போது நன்றாக ஓடுகிறது' என்று சொல்லி அடுத்த பையனை ஏற்றிவிடுவார்கள். ஐஸ் என்றால் தரைக்கு வருவதற்குள் உருகிவிடும், நன்றாகத்தான் ஓடும். கார்ப் ஹீட் குழாய் கிழிந்திருந்தால் அது அப்படியே இருக்கும், அடுத்தவனுக்கும் இதே நடக்கும். 'பவர் குறைந்தது' என்று மட்டும் எழுதினால் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த என்ஜின், உயரம், வெளி வெப்பம், மேகத்தருகே இருந்தீர்களா, எவ்வளவு நேரம் எந்த மேனிஃபோல்டு பிரஷரில் வைத்திருந்தீர்கள், கார்ப் ஹீட் எப்போது போட்டீர்கள், போட்டதும் குலுக்கல் கூடியதா குறைந்ததா, ஃப்யூயல் ஃப்ளோ என்ன காட்டியது, செலக்டர் எங்கே இருந்தது. இன்னும் எழுதவில்லை என்றால் ஞாபகம் இருக்கும்போதே எழுதி அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள் தம்பி. அந்த விமானம் இன்றைக்கும் பறந்துகொண்டுதான் இருக்கும்.